புவியியல் கைடைப் பிடுங்க வேண்டாம், திறக்கும் நேரத்தை மாற்றுங்கள்

பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் சமூக அறிவியல் கைடில் இருக்கிற விடைகளை வரி விடாமல் ஒப்பிக்கிறாள், வீட்டில் கேட்டால் டக்கென்று சொல்கிறாள், ஆனால் காலாண்டுத் தேர்வில் புவியியல் பகுதியில்தான் மதிப்பெண் போயிருக்கிறது, கைடைப் பிடுங்கி பீரோவில் வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். கைடு இல்லாவிட்டால் தோழியின் கைடைப் படம் எடுத்துக்கொள்வாள், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் சுற்றும் பி.டி.எஃப். எதையாவது தேடிப் பிடிப்பாள், பழக்கம் அப்படியேதான் இருக்கும். இருபது வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். விடை கையில் இருப்பதால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போய் நான் பார்த்ததில்லை. எப்போது திறக்கிறாள், திறந்ததும் என்ன செய்கிறாள், இந்த இரண்டில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் உங்கள் பெண் எப்படிப் படிக்கிறாள் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: கேள்வியைப் படிக்கிறாள், அடுத்த நொடியே கண் கீழே இருக்கிற விடைக்குப் போகிறது, "ஆமா, இது தெரியும்" என்று மனசு சொல்கிறது, அடுத்த கேள்வி. இதில் அவள் எங்குமே யோசிக்கவில்லை. விடையைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிவது வேறு, வெறும் தாளில் விடையை வரவழைப்பது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம், ஒருமுறை படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் நன்றாக முந்திவிட்டார்கள். வீட்டில் சரியாக ஒப்பிக்கும் பெண் தேர்வில் திணறுவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கேட்பது அந்த ஐந்தாவது நிமிடத்தில்.

ஒருமுறை வகுப்புத் தேர்வுக்குப் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளையே கொடுத்தேன், ஒரு எழுத்துகூட மாற்றவில்லை, அ ஆ இ ஈ வரிசையை மட்டும் மாற்றிப் போட்டேன். நன்றாகப் படிக்கிற ஒரு பையன் பத்தில் ஏழு தவறு. விடைத்தாளில் விடையை எழுதாமல் எழுத்தை மட்டும் எழுதியிருந்தான், அந்த எழுத்துகள் எல்லாம் கைடில் இருந்த பழைய வரிசை. அவன் புவியியல் படிக்கவில்லை, எழுத்துகளைப் படித்திருக்கிறான். அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு மதிப்பெண் கேள்விக்கு எழுத்தை மட்டும் எழுதினால் நான் ஏற்பதில்லை, விடையையும் எழுத வேண்டும்.

சரி, ஒரு மதிப்பெண் கேள்வியைக் கைடை வைத்து எப்படிப் படிப்பது? ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு அதிக மழை பெறுவது எந்தப் பருவக்காற்றால்? உங்கள் பெண் முதலில் விடையை நோட்டில் எழுதட்டும், தெரியாவிட்டால் ஊகித்தாவது எழுதட்டும். அப்புறம் கைடைத் திறக்கலாம். "வடகிழக்குப் பருவக்காற்று" என்று இருக்கும். அவள் சரியாக எழுதியிருந்தாலும் அங்கே நிறுத்தக் கூடாது. தென்மேற்கு ஏன் இல்லை? அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழும்பிக் குளிர்ந்து கேரளப் பக்கம் கொட்டிவிடுகிறது, மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது வறண்டுவிடுகிறது, அதனால் நாம் மழை மறைவுப் பகுதி. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை திசை மாறி வீசும் காற்று வங்காள விரிகுடாவைத் தாண்டி வருவதால் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது, கடற்கரை மாவட்டங்கள் நனைகின்றன.

இன்னும் ஒரு படி போங்கள். தென்மேற்குக் காற்றில் நமக்கு மழையே கிடையாது என்றால் ஆனி ஆடியில் குற்றாலத்தில் சாரல் எப்படி அடிக்கிறது? இந்தக் கேள்வி கைடில் இருக்காது. செங்கோட்டைப் பக்கம் மலையில் இருக்கிற கணவாயை வரைபடத்தில் காட்டினால் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்க்கலாம். சுவரில் ஒரு வாசல் இருக்கிறது, காற்று அதன் வழியாக வருகிறது. அதே மாதிரி இன்னொரு வாசல் பாலக்காட்டுக் கணவாய், ஆனி ஆடியில் கோயம்புத்தூரில் அடிக்கும் காற்றுக்குக் காரணம் அதுதான். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் வரும் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். ஒரே ஒரு விடையிலிருந்து கிளம்பி காலநிலை, நிலத்தோற்றம், மின்சாரம் மூன்று பாடத்தைத் தொட்டுவிட்டோம். இப்படிப் படித்த பெண்ணிடம் கேள்வியை எந்தப் பக்கம் திருப்பிக் கேட்டாலும் அவளுக்கு விடை வரும்.

எல்லாக் கேள்விக்கும் இப்படிச் செய்ய நேரம் இருக்காது, தேவையும் இல்லை. பாடத்துக்கு நான்கைந்து கேள்விக்குச் செய்தால் போதும். மற்றவற்றுக்கு ஒரு சின்ன வேலை: தவறான மூன்று விடைகளும் எந்தக் கேள்விக்குச் சரியான விடையாக இருக்கும் என்று சொல்லிப் பார்க்க வேண்டும். வெண்மைப் புரட்சி எதனுடன் தொடர்புடையது, பால். அதோடு விடாமல் மீன் என்றால் நீலப் புரட்சி, எண்ணெய் வித்து என்றால் மஞ்சள் புரட்சி என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். பொருத்துக பகுதிக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அதில் நாலு தெரிந்தால் ஐந்தாவது தானாகப் பொருந்திவிடும், கைடைப் பார்த்து டிக் போட்டுவிட்டு ஐந்தும் தெரியும் என்று நம்பிவிடுவார்கள்.

கூற்று, காரணம் வகைக் கேள்வியில்தான் கைடு அதிகமாக ஏமாற்றும். "கூற்றும் காரணமும் சரி, காரணம் கூற்றை விளக்கவில்லை" என்று ஒரு வரி போட்டிருப்பார்கள், ஏன் விளக்கவில்லை என்று பல கைடுகள் சொல்வதில்லை. இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் "ஏனென்றால்" போட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். "கங்கை வற்றாத ஆறு, ஏனென்றால் இமயமலைப் பனி உருகி அதற்கு நீர் வருகிறது." இது நிற்கிறது. "கங்கை வற்றாத ஆறு, ஏனென்றால் அது வங்காள விரிகுடாவில் கலக்கிறது." இரண்டும் உண்மைதான், ஆனால் காதுக்கே இடிக்கிறது, வைகையும்தான் கிழக்கே போகிறது, அது வற்றாத ஆறா? விடையைப் பார்ப்பதற்கு முன் இப்படிப் படித்துப் பார்த்துத் தீர்ப்பை எழுதிவிட்டு, அதன்பிறகு கைடோடு ஒப்பிட வேண்டும்.

கணக்கு வரும் இடங்களில் விடையை மனப்பாடம் செய்யவே விடாதீர்கள். இந்தியத் திட்ட நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் என்று ஒப்பிப்பவர்களிடம் ஏன் என்று கேட்டால் விழிப்பார்கள். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது, ஒரு பாகைக்கு 4 நிமிடம், நாடு முழுவதும் நேரம் கணக்கிட எடுத்துக்கொண்ட தீர்க்கக்கோடு, அதாவது நம் திட்டத் தீர்க்கம், 82°30′ கிழக்கு, 82.5ஐ 4ஆல் பெருக்கினால் 330 நிமிடம், அதுதான் ஐந்தரை மணி. இதை ஒருதரம் கையால் போட்டுவிட்டால் அருணாசலப் பிரதேசத்துக்கும் குஜராத்துக்கும் ஏன் ஏறக்குறைய இரண்டு மணி நேர வித்தியாசம் என்பதையும் அவளே சொல்வாள், கிழக்குக் கோடி 97°25′, மேற்குக் கோடி 68°7′, கழித்துப் பெருக்கினால் 1 மணி 57 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். கைடு இங்கே கணக்குச் சரியா என்று கடைசியில் பார்ப்பதற்கு மட்டும்.

அடுத்தது தவறுகள். விடையைத் திறந்து பார்த்து, தவறு என்று தெரிந்ததும் பிள்ளைகள் செய்வது அழித்துவிட்டுச் சரியானதை எழுதுவது. அழிக்க விடாதீர்கள். அந்தத் தவறுதான் அவளுக்கு எது தெரியவில்லை என்று காட்டுகிற ஒரே தடயம். பக்கத்தில் சிவப்பில் சரியானதை எழுதி, ஏன் தவறியது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை பாடமே தெரியாமல் தவறுவது குறைவு, இரண்டு விஷயம் குழம்பித் தவறுவதுதான் அதிகம். தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரம் எது என்றால் ஆனைமுடி என்று எழுதுவார்கள். ஆனைமுடி 2695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரமானது, ஆனால் கேரளத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் உயரமானது நீலகிரியில் உள்ள தொட்டபெட்டா, 2637 மீட்டர். இந்தப் பெண்ணுக்கு மலை தெரியும், கேள்வியில் இருந்த "தமிழ்நாட்டின்" என்ற சொல் கண்ணில் படவில்லை. இவளைத் திரும்பப் பாடம் படிக்கச் சொல்லிப் பயனில்லை, கேள்வியில் முக்கியச் சொல்லுக்கு அடிக்கோடு போடப் பழக்க வேண்டும். "தவறானது எது" என்று கேட்டிருக்கும்போது சரியானதைத் தேர்ந்தெடுப்பதும் இதே நோய்தான். தவறின் வகைக்கு ஏற்ப மருந்து மாறும், ஆனால் கைடு எல்லாத் தவறுக்கும் ஒரே மாதிரி சரியான விடையைக் காட்டிவிட்டுப் போய்விடும், வகை பிரிப்பது அவள் வேலை.

வரைபடத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு மனத்தாங்கல் அதிகம். கைடில் குறித்துக் கொடுத்த வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து அப்படியே நோட்டில் ஒட்டிய வரைபடத்தில் புள்ளி வைக்கிறார்கள். கை வேலை செய்கிறது, மூளை சும்மா இருக்கிறது. வெற்று வரைபடம் ஒரு பத்துப் படி வாங்கி வையுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. எதையும் பார்க்காமல் பென்சிலால் குறிக்கட்டும், அப்புறம் விடை வரைபடத்தை எடுத்து சிவப்பு மையால் சரியான இடத்தைப் போடட்டும். பென்சில் புள்ளிக்கும் சிவப்புப் புள்ளிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பார்த்தாலே எது தெரியும் எது தெரியாது என்று புரிந்துவிடும். இரண்டு நாள் கழித்துப் புதுப் படியில் திரும்ப.

இன்னொன்று, கைடு வரைபடத்தில் கேட்ட இடங்கள் மட்டும்தான் இருக்கும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இருக்காது. ஆனால் இடம் நினைவில் நிற்பது பக்கத்து வீட்டை வைத்துத்தான். நர்மதை மேலே, தபதி கீழே, நடுவில் சாத்பூரா மலை, இரண்டும் காம்பே வளைகுடாவில் விழுகின்றன, கட்ச் வளைகுடா அதற்கும் வடமேற்கே. இப்படிச் சேர்த்துப் பார்த்தால் காம்பேயும் கட்சும் இடம் மாறாது, நர்மதையை மகாநதி பக்கம் திருப்பிவிடவும் மாட்டார்கள். காவிரியை வெறும் கோடாகப் போடாமல் ஒகேனக்கல், மேட்டூர், ஈரோடு, திருச்சி, பூம்புகார் என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். கடக ரேகையை எட்டு மாநிலங்களின் பெயரோடு: குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், திரிபுரா, மிசோரம். அதனால் விடை வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒரு நல்ல அட்லஸ் எப்போதும் திறந்திருக்கட்டும். கைடில் அச்சு கொஞ்சம் நகர்ந்து, ஊர்ப் புள்ளி கடலில் விழுந்திருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

அதைச் சொன்னதும் அடுத்த விஷயம். விடைக்குறிப்பும் தவறலாம், பழசாகலாம். தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டம்? 2019க்கு முன்பு அச்சடித்த கைடில் 32 இருக்கும். அந்த ஆண்டு கள்ளக்குறிச்சி, தென்காசி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு பிரிந்ததும் 37, 2020இல் மயிலாடுதுறையும் சேர்ந்து 38. அக்கா படித்த கைடை வாங்கிப் படிக்கும் பிள்ளைகள் இங்கேதான் மாட்டுகிறார்கள். மாநிலங்கள் 28, ஒன்றியப் பிரதேசங்கள் 8 என்பதும் 2020இல்தான் இப்படி ஆனது, அதற்கு முந்தையதில் வேறு எண் இருக்கும். ராம்சர் ஈரநிலம், அதாவது பன்னாட்டு ஒப்பந்தப்படி பட்டியலில் சேர்த்த ஏரி, சதுப்பு போன்ற இடங்கள், இன்னும் வேகமாக மாறும். தமிழ்நாட்டில் 2022 பாதி வரைக்கும் கோடியக்கரை ஒன்றுதான், அந்த ஒரே ஆண்டில் பள்ளிக்கரணை, பிச்சாவரம், வேடந்தாங்கல் என்று பதின்மூன்று இடங்கள் சேர்ந்து 14 ஆனது, அதற்குப் பிறகும் கூடியிருக்கிறது.

மக்கள்தொகை எண்களில் இன்னொரு விதக் குழப்பம் வரும், இதைப் பல பெற்றோர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவின் பாலின விகிதம், அதாவது ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பது, ஒரு கைடில் 940, இன்னொன்றில் 943. தமிழ்நாட்டின் எழுத்தறிவு ஒன்றில் 80.33 சதவீதம், இன்னொன்றில் 80.09. யாரும் இட்டுக்கட்டவில்லை. முதலில் தற்காலிக எண்களை வெளியிட்டார்கள், பிறகு சரிபார்த்து இறுதி எண்களை வெளியிட்டார்கள், 943உம் 80.09உம் இறுதி எண்கள். கைடும் கைடும் முரண்பட்டால் பிள்ளை இப்போது வைத்திருக்கும் பாடப்புத்தகத்தைத் திறக்க வேண்டும், பள்ளித் தேர்வில் அதில் இருப்பதை எழுத வேண்டும், புத்தகத்துக்கும் வெளி உலகத்துக்கும் வித்தியாசம் இருந்தால் ஆசிரியரிடம் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டால் ஒன்று சொல்லுங்கள்: டி.என்.பி.எஸ்.சி.யே கொள்குறித் தேர்வு முடிந்ததும் முதலில் உத்தேச விடைகளைத்தான் வெளியிடுகிறது, ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கச் சொல்லிவிட்டு, அதன்பிறகுதான் இறுதி விடை. விடையைக் கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

ஐந்து மதிப்பெண், எட்டு மதிப்பெண் விடைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தியை மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒரு வரி மறந்தால் அடுத்த வரி வராது, தேர்வறையில் அங்கேயே பேனா நின்றுவிடும். விடைத்தாள் திருத்துபவர் கையில் இருக்கும் குறிப்பில் கருத்துகளுக்குத்தான் மதிப்பெண் பிரித்திருக்கும், கைடின் வாக்கிய அழகுக்கு இல்லை. எனவே கரிசல் மண்ணைப் பற்றி எழுது என்றால் அவள் தன் மொழியில் எழுதட்டும்: எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறை சிதைந்து உருவானது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெயிலில் வெடிக்கும், பருத்திக்கு ஏற்றது, தக்காணப் பீடபூமியில் அதிகம். எழுதி முடித்ததும் கைடைத் திறந்து, தான் எழுதிய கருத்துக்கு எல்லாம் டிக், விட்டுப்போனதை மட்டும் ஓரத்தில் இரண்டு இரண்டு சொல்லாக. மறுநாள் அந்த ஓரத்தை மட்டும் பார்த்தால் போதும். வேறுபடுத்துக கேள்வியில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: இடது பக்கம் உயரத்தைப் பற்றி எழுதினால் வலது பக்கமும் உயரத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும், சில கைடுகளில் இடது பக்கம் உயரம், வலது பக்கம் ஆறு என்று கோணலாக இருக்கும், அதை அவளே நேராக்கி எழுதட்டும்.

இனி உங்கள் பங்கு. எனக்குப் புவியியல் தெரியாதே, நான் என்ன செய்வேன் என்று எழுதியிருந்தீர்கள். தெரிய வேண்டியதில்லை. படிக்கும் நேரத்தில் கைடு உங்கள் மடியில் இருக்கட்டும். அவள் எழுதி முடித்ததும் கேட்டால் கொடுங்கள், திட்டாமல் கொடுங்கள். அவள் சரி பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: "ஏன் அப்படி?", "அது வரைபடத்துல எங்க இருக்கு?" பதில் சரியா தவறா என்று உங்களுக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்துவிடும், சொல்ல முடியாமல் நிற்கும் இடம்தான் திரும்பப் பாடப்புத்தகத்தைத் திறக்க வேண்டிய இடம். தவறான கேள்விகளை மட்டும் மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை கேளுங்கள், சரியாகச் சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவள் நேரத்தைத் தின்ன வேண்டாம்.

இன்றைக்கே தொடங்குவதாக இருந்தால் காலநிலைப் பாடத்தை எடுங்கள், அதில்தான் ஏன் என்ற கேள்விக்கு இடம் அதிகம். பத்து ஒரு மதிப்பெண், ஒரு காரணம் கூறுக, ஒரு வெற்று வரைபடம். முதல் வாரம் மதிப்பெண் வழக்கத்தைவிடக் குறையும், அவள் சோர்ந்துபோய் கைடை முதலிலேயே கேட்பாள், அந்த ஒரு வாரம் மட்டும் கொஞ்சம் பொறுமையாக மடியிலேயே வைத்திருங்கள்.